கறள் பிடித்த மொரிஸ் மைனரிலிருந்து கியர் பொக்ஸும் டிஃப்பும் கழற்றுவது: எங்கே சிக்குகிறதோ அங்கிருந்து

தெஹிவளை, வெள்ளவத்தைப் பக்கம் கடற்காற்றில் வருடக்கணக்காக நின்ற மைனர் ஒன்றைப் பார்த்தால் மனம் விட்டுப்போகும். தரைத் தகடு கையோடு வரும், கதவின் அடிப்பகுதி பொடியாகக் கொட்டும். வீட்டுக்காரர் அதைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுக்கத் தயாராக இருப்பார். நீங்கள் திருத்தும் இன்னொரு மைனருக்குச் சாமான் தேடுகிறீர்கள் என்றால் அவசரப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். தகட்டைத் தின்ற கறள் கியர் பொக்ஸையும், டிஃப்பையும் (பின் அக்சிலின் நடுவே நின்று இரண்டு சில்லுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) தின்றிருக்கும் என்று கட்டாயமில்லை. ஒயில் நின்ற இடத்தில் கறள் ஏறாது. தண்ணீர் உள்ளே போனதா, ஒயில் எந்த மட்டம் வரை நின்றது என்ற இரண்டையும் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, நல்ல சாமானை நம் கையாலேயே உடைக்காமல் வெளியே எடுப்பது. பாழான மைனரில் கறள் கெடுத்ததைவிடச் சுத்தியலும் காஸ் நெருப்பும் கெடுத்தது அதிகம் என்பது என் எண்ணம்.

முதலில் வண்டி எந்தக் காலத்தது என்று பாருங்கள். மைனர் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்டது. ஆரம்ப வண்டிகளில் 918 சிசி சைட் வால்வு எஞ்சின். 1952இல் 803 சிசி ஏ சீரிஸ் எஞ்சின் வந்தது, 1956இல் 948, 1962இல் 1098. நீங்கள் திருத்தும் வண்டி 948 அல்லது 1098 என்றால், 918 வண்டியின் கியர் பொக்ஸ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது. எஞ்சினையும் எடுப்பதாக இருந்தால் வண்டியின் பதிவுப் புத்தகத்தையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் வண்டியில் எஞ்சின் இலக்கம் மாறினால் நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களப் பதிவிலும் அது மாற வேண்டும். கியர் பொக்ஸுக்கும் டிஃப்புக்கும் அந்தத் தொல்லை இல்லை.

ஜக்கு அடித்தால் வண்டி எழும்பவில்லை, தகடு உள்ளே போகிறது

மைனரின் ஜக்கு வைக்கும் இடங்களும், பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடங்களும் முதலில் கறள் பிடிப்பவை. இப்படியான வண்டியில் உடலுக்குக் கீழே ஜக்கு வைக்கவே கூடாது. பின்பக்கம் அக்சில் குழாய்க்குக் கீழேயும், முன்பக்கம் சஸ்பென்ஷன் கீழ்க்கைக்குக் கீழேயும் வைத்துத் தூக்கி, ஸ்டாண்ட் அல்லது பலமான மரக்கட்டை கொடுங்கள். வண்டி ஜக்கில் மட்டும் நிற்கும்போது கீழே படுக்க வேண்டாம்.

இன்னொன்று. மைனரின் முன் சஸ்பென்ஷன் டோர்ஷன் பார் வகை, அதாவது நீண்ட கம்பி முறுக்கேறி ஸ்பிரிங்காக வேலை செய்யும். அந்த நீண்ட கம்பிகளின் பின் முனை, முன் சீட்டுக்குக் கீழே குறுக்காக ஓடும் சட்டத்தில் பிடிக்கப்பட்டிருக்கிறது. கம்பி முறுக்கேறி நிற்கும்போது அந்தக் குறுக்குச் சட்டத்தைக் கிறைண்டரால் வெட்டினால் அது விசையோடு அடிக்கும். கியர் பொக்ஸைத் தாங்கும் சட்டம் வேறு, அது போல்ட்டில் நிற்பது. எது எது என்று சுரண்டித் துடைத்துப் பார்த்த பிறகுதான் வெட்டும் சாமானைக் கையில் எடுக்க வேண்டும்.

வண்டி தள்ளினாலும் அசையவில்லை

எல்லோரும் உடனே சொல்வது "கியர் பொக்ஸ் இறுகிப்போச்சு" என்பதுதான். பெரும்பாலும் அது பிரேக். பின் டிரம்முக்குள் ஷூ ஒட்டிக்கொண்டிருக்கும், ஹாண்ட் பிரேக் கம்பி அதன் உறைக்குள் கறள் பிடித்து இழுத்தபடியே நிற்கும். ஆகவே பின்னாலிருந்து முன்னுக்கு வாருங்கள்.

பின் சில்லுகள் இரண்டையும் தூக்கி, கழற்றி, டிரம் துவாரத்துக்குள் தெரியும் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். ஹாண்ட் பிரேக் கம்பியை வெட்டிவிடலாம், யாரும் அதை மறுபடி பாவிக்கப்போவதில்லை. டிரம்மைச் சுற்றிவர மெதுவாகத் தட்டுங்கள். வார்ப்பிரும்பு, ஓங்கி அடித்தால் வெடிக்கும். டிரம்முக்குள்ளே இருக்கும் தூசியை ஊதவோ காற்றடிக்கவோ கூடாது. அந்தக் காலத்து ஷூவில் ஆஸ்பெஸ்டஸ் இருக்கும். தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பையில் கட்டிப் போடுங்கள்.

டிரம் விட்ட பிறகும் சுற்றவில்லையா? கியர் பொக்ஸிலிருந்து டிஃப்புக்கு ஓடும் புரொப் ஷாஃப்ட்டைப் பின்பக்கம் கழற்றுங்கள். இப்போது ஒரு பக்க ஹப்பைச் சுற்றினால் மற்றப் பக்கம் எதிர்த் திசையில் சுற்றுகிறது என்றால், டிஃப்பின் உள்ளே இருக்கும் சிறிய பல்சக்கரங்கள் உயிரோடு இருக்கின்றன. புரொப் ஷாஃப்ட் பூட்டியிருந்த பினியன் ஃபிளாஞ்சைக் கையால் சுற்றும்போது இரண்டு பக்கமும் வந்தால் கிரவுன் வீலும் (பினியன் என்ற சிறு பல்சக்கரம் சுற்றும் பெரிய பல்சக்கரம்) இறுகவில்லை. அப்படியானால் இறுக்கம் முன்பக்கம், கியர் பொக்ஸிலோ எஞ்சினிலோ. கியரை நியூட்ரலுக்கு எடுத்தால் ஷாஃப்ட் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் இறுகியது எஞ்சின்தான், கியர் பொக்ஸ் அல்ல. எதையும் திறக்காமலே இவ்வளவும் தெரிந்துவிடும்.

போல்ட் அசையவில்லை, அல்லது தலை உருள்கிறது

இந்த வண்டியில் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. புரொப் ஷாஃப்ட்டின் பின் ஃபிளாஞ்சில் நான்கு போல்ட், அரை அங்குல ஏஎஃப் (தலையின் எதிரெதிர் முகங்களுக்கு இடையே அங்குலத்தில் அளந்த) ஸ்பேனர் பிடிக்கும். 13 மில்லிமீற்றர் ஸ்பேனரும் அதில் உட்காரும், அதுதான் ஆபத்து. அந்தச் சிறு இடைவெளி போதும், கறள் தின்ற தலையை வட்டமாக்கிவிடும். பழைய சோனகத் தெருவில் நல்ல ஏஎஃப் சொக்கெட் செட் ஒன்று தேடி வாங்குங்கள், ஆறு மூலை உள்ளதாக. பன்னிரண்டு மூலை சொக்கெட் இந்த வேலைக்கு ஆகாது.

வயர் பிரஷ்ஷால் மரையின் வெளிப்பட்ட பகுதியை வெள்ளையாகத் தேய்த்த பிறகே ஒயில் விடுங்கள். கறள் மேல் விட்ட ஒயில் கறளிலேயே நின்றுவிடும். ஓட்டோமட்டிக் கியர் ஒயிலும் அசிட்டோனும் சம அளவில் கலந்தால் நன்றாக இறங்கும். மண்ணெண்ணெயும் பரவாயில்லை, நாள் கூடுதலாக வேண்டும். இரவு விட்டு, காலையில் தட்டி, மறுபடி விடுங்கள். கழற்றப் போகும்போது முதலில் இறுக்கும் பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். "டக்" என்று கறள் உடையும் சத்தம் கேட்டதும் தளர்த்தும் பக்கம் வாருங்கள். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே. மரைக்குள் பொடிந்த கறள் வெளியே வர வழி வேண்டும்.

அப்படியும் வரவில்லை என்றால் போல்ட்டை வெட்டுங்கள். ஃபிளாஞ்சை வெட்டாதீர்கள். நட்டின் ஒரு முகத்தைக் கிறைண்டரால் மரைக்கு ஒரு மயிரிழை முன்வரை கீறி, உளியால் பிளந்தால் நட் விரியும். ஃபிளாஞ்சின் முகத்தில் டிஸ்க் பட்டுவிட்டால் ஷாஃப்ட் நேராக உட்காராது, ஓடும்போது அதிரும்.

கியர் பொக்ஸ் குறுக்குச் சட்டத்தின் போல்ட்டுகளில் வேறு சிக்கல். நட், சசிக்குள்ளே ஒட்டப்பட்டிருக்கும். கறளில் அந்த ஒட்டு விட்டுப்போய் போல்ட்டோடு சேர்ந்து நட்டும் சுற்றும். இங்கே நேரம் செலவழிக்க வேண்டாம். சாகப்போவது இந்த வண்டியின் உடல். சுற்றியுள்ள தகட்டையே வெட்டி எடுத்து, சட்டத்தை மேசையில் வைத்துக் கழற்றலாம். வெட்டும் முன் முறுக்கேறிய டோர்ஷன் பார் எங்கே என்று மறுபடி ஒருமுறை பாருங்கள்.

நெருப்புக்கு வருவோம். மைனரின் பெற்றோல் டாங்கி பின்னால், பூட்டின் தரைக்குக் கீழே இருக்கிறது. பின் அக்சிலுக்கு மிக அருகில். வெறுமையான டாங்கி நிறைந்த டாங்கியைவிட மோசம், ஏனென்றால் உள்ளே நிற்பது ஆவி. 2022இல் பெற்றோல் கிடைக்காமல் மூலையில் விட்ட வண்டிகளில் இப்போதும் ஒரு லீற்றர், அரை லீற்றர் அடியில் கிடக்கலாம். டாங்கியைக் கழற்றி வெளியே தூரமாக வைக்கும் வரை காஸ் டோர்ச்சும் வேண்டாம், கிறைண்டரும் வேண்டாம். அசிட்டோன் விட்ட இடத்திலும் நெருப்புக் காட்டக் கூடாது.

ஒயில் நட்டைத் திறந்தால் தண்ணீர் வருகிறது

தண்ணீர் ஒயிலைவிடக் கனமானது, அடியில் தங்கும். ஆகவே முதலில் வருவது தண்ணீர்தான். எவ்வளவு என்று பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி அளவு வந்து, பிறகு கறுத்த ஒயில் நிறைய வந்தால் அது காற்றின் ஈரம் குளிர்ந்து சேர்ந்தது. கொழும்பு ஈரப்பதத்தில் இது சாதாரணம், பயப்பட வேண்டாம். கோப்பை நிறையத் தண்ணீர், பிறகு பாலாடை போன்ற வெள்ளை ஒயில் என்றால் வெள்ளம் உள்ளே போயிருக்கிறது.

2016 மே மாத வெள்ளத்தில் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கமெல்லாம் மூழ்கியது. அந்தப் பக்கத்து வண்டி என்றால் தண்ணீர்க் கோடு எதுவரை என்று சீட்டிலும் கதவின் உட்புறத்திலும் பாருங்கள். அச்சு இன்னும் இருக்கும். அக்சிலின் மூச்சுத் துவாரம் வழியாகவும் ஹப் சீல் வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும். உடனே ஒயில் மாற்றியிருந்தால் சாமான் பிழைத்திருக்கும். பல வருடம் அப்படியே நின்றிருந்தால் பேரிங்கின் உருளைகள் தொட்டு நின்ற இடத்தில் கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கும். பேரிங் மாற்றலாம். அதே கோடு பல்லின் மேல் விழுந்திருந்தால் அந்தச் சோடியை விட்டுவிடுங்கள்.

ஒயிலே வரவில்லை என்றால் அது தண்ணீரைவிடக் கெட்ட செய்தி. சீல் கசிந்து வற்றியிருக்கும், உள்ளே எல்லாம் காற்றில் நின்றிருக்கும்.

எஞ்சினும் கியர் பொக்ஸும் பிரியவில்லை

இரண்டையும் சேர்த்தே வெளியே எடுப்பது சுலபம். தரையில் கியர் பொக்ஸுக்கு மேலே இருக்கும் மூடி திருகாணிகளில் நிற்கிறது, அதை எடுத்தால் மேலிருந்தே கை போகும். பெல்ஹவுசிங்கின் (கிளட்ச்சை மூடி எஞ்சினோடு பூட்டும் கியர் பொக்ஸின் முன்பகுதி) எல்லா போல்ட்டும் கழன்ற பிறகும் ஒட்டி நின்றால், இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்ப வேண்டாம். கியர் பொக்ஸ் உடல் அலுமினியம், எஞ்சின் பின் தகடு இரும்பு. நெம்பினால் அலுமினியத்தின் விளிம்பு பள்ளம் விழும், பிறகு அது சமமாக உட்காராது. இரண்டு பக்கமும் மாறி மாறி மரக்கட்டை வைத்துத் தட்டி, மெல்லிய மர ஆப்பு கொடுத்தால் ஒரே சீராக விலகும்.

விலகத் தொடங்கியதும் கியர் பொக்ஸின் பாரத்தை இரண்டாவது ஆள் தாங்க வேண்டும். பாரம் முழுதும் கிளட்ச்சுக்குள் போகும் முன் தண்டில் தொங்கினால் கிளட்ச் தட்டு வளையும், தண்டும் பாதிக்கப்படும். கிளட்ச் தட்டு ஃபிளைவீலில் ஒட்டிக்கிடப்பது சாதாரணம். அந்தத் தட்டை எப்படியும் மறுபடி போடக் கூடாது, ஆகவே கவலைப்படாமல் நெம்பி எடுக்கலாம். அளவை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: 948க்கு ஆறேகால் அங்குலம், 1098க்கு ஏழேகால் அங்குலம். பெல்ஹவுசிங்கும் அதற்கேற்றபடி மாறும், ஒன்றை மற்றதில் அப்படியே பூட்ட முடியாது. பெட்டியின் உடலில் வரிவரியாக முகடுகள் இருந்தால் 1098, வழுவழுப்பாக இருந்தால் அதற்கு முந்தியது.

கியர் லீவர் அசையவில்லை, அல்லது எல்லாக் கியரும் ஒரே மாதிரி இருக்கிறது

லீவர் இறுகுவது பெரும்பாலும் மேலே, லீவரின் பந்து உட்காரும் இடத்தில். ரப்பர் கிழிந்து தண்ணீர் அங்கேதான் முதலில் இறங்கும். லீவரைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் தண்டை மெல்லிய கம்பியால் தள்ளிப் பாருங்கள். அது நகர்ந்தால் பெட்டிக்குள் பழுது ஒன்றும் இல்லை.

பிறகு முன் தண்டைக் கையால் சுற்றுங்கள். முதல் கியரில் பின் தண்டு ஒரு சுற்று வர முன் தண்டு ஏறக்குறைய மூன்றரைச் சுற்றுக்கு மேல் வர வேண்டும். நான்காவதில் ஒன்றுக்கு ஒன்று. இடையில் ஒரே இடத்தில் "கடக்" என்று தடுக்கினால் ஒரு பல் உடைந்திருக்கிறது. கரகர என்று எல்லா இடமும் உரசினால் பேரிங்.

இப்போது பக்க மூடியைத் திறந்து பாருங்கள். இந்த இடத்தில் அவசரம் வேண்டாம், நல்ல வெளிச்சம் வேண்டும். மண்ணெண்ணெயில் தோய்த்த துணியால் ஒவ்வொரு பல்லாகத் துடையுங்கள். ஒயில் நின்ற மட்டத்துக்குக் கீழே பல் சாம்பல் நிறத்தில் மினுங்கும், மேலே காவி படர்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே கோடு தெளிவாகத் தெரியும். அந்தக் கோட்டிலும் அதற்கு மேலும்தான் உங்கள் முடிவு இருக்கிறது. காவியைப் பிளாஸ்டிக் உரசுத்துணியும் ஒயிலும் வைத்துத் தேயுங்கள். எமரித் தாள் வேண்டாம், அது பல்லின் கடினமான மேற்தோலைக் கீறும். தேய்த்த பிறகு விரல் நகத்தைப் பல்லின் முகத்தில் மெதுவாக ஓட்டுங்கள். நிறம் மட்டும் மிஞ்சி நகம் வழுக்கினால் அந்தப் பல் நல்லது. நகம் மாட்டினால் குழி. குழி விழுந்த பல் ஓடும்போது அந்த இடத்திலிருந்து உதிரத் தொடங்கும்.

முதல் கியரின் பல்முனைகளைத் தனியாகப் பாருங்கள். மைனரில் முதல் கியருக்கு சின்க்ரோ (வேகத்தைச் சமப்படுத்திப் பல்லை மெதுவாகச் சேர்க்கும் அமைப்பு) இல்லை. ஓடும் வண்டியில் முதலுக்குத் தள்ளித் தள்ளிப் பழகியவர்களின் பெட்டியில் முனைகள் சில்லுச்சில்லாக உடைந்திருக்கும். ஓரம் மழுங்கியிருந்தால் பரவாயில்லை, பல்லின் நடு வரை போயிருந்தால் வேண்டாம்.

கறளை எடுக்க அமிலத்தில் ஊறப்போடச் சொல்வார்கள். வெளி மூடிகளுக்கு, சட்டங்களுக்குச் சரி. பல்சக்கரத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் வேண்டவே வேண்டாம். கடினப்படுத்திய உருக்குக்குள் அமிலத்தால் ஹைட்ரஜன் ஏறும், பிறகு அது பாரம் வரும்போது சொல்லாமல் வெடிக்கும்.

டிஃப்: எந்த விகிதம் என்று தெரியவில்லை

சில்லு ஒரு சுற்று வர புரொப் ஷாஃப்ட் எத்தனை சுற்று வர வேண்டும் என்பதே விகிதம்: 803க்கு 5.375, 948க்கு 4.555, 1098க்கு 4.222. பல் கணக்கில் முறையே 43க்கு 8, 41க்கு 9, 38க்கு 9. பஞ்சிகாவத்தையில் "மைனர் டிஃப் ஒண்டு கிடக்கு தம்பி, நல்ல சாமான்" என்பார்கள். "அண்ணே, கிரவுன் வீல்ல எத்தனை பல்லு?" என்று கேளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரித்தான்.

வண்டியில் பூட்டியபடியே கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. ஒரு பின் சில்லைத் தரையில் விட்டு மற்றதைத் தூக்குங்கள். தூக்கியதை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றினால் கிரவுன் வீல் ஒரு சுற்று வரும். அதற்குள் பினியன் ஃபிளாஞ்ச் எத்தனை சுற்று வருகிறது என்று சுண்ணாம்புக் குறி வைத்து எண்ணுங்கள். நாலும் கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 1098, நாலரையைச் சற்றுத் தாண்டினால் 948.

803 வண்டியின் டிஃப்பை 1098 எஞ்சினோடு போட்டால் காலி வீதியிலேயே எஞ்சின் அலறும், அதிவேகப் பாதையை நினைக்கவே வேண்டாம்.

டிஃப் வெளியே வரவில்லை

டிரம்மை எடுத்த பிறகு ஹாஃப் ஷாஃப்ட்டின் (டிஃப்பிலிருந்து சில்லுக்கு ஓடும் தண்டு) முகத்தில் ஒரேயொரு தட்டைத்தலைத் திருகாணி. அது வராவிட்டால் தலையைத் துளைத்து எடுங்கள். ஷாஃப்ட்டை வெளியே இழுத்து, அதன் உள்முனைப் பள்ளங்களைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கோடுகள் நேராக ஓட வேண்டும். சற்றுத் திருகியிருந்தால் அந்த ஷாஃப்ட் ஏற்கெனவே முறுக்கு வாங்கியிருக்கிறது, உடையும். இரண்டு பக்கமும் இழுக்காமல் டிஃப் அசையாது. ஒரு பக்கத்தை மறந்துவிட்டு முன்னால் நெம்புபவர்கள் நிறையப் பேர்.

முன்முகத்தில் சுற்றிவர எட்டு நட். எல்லாம் எடுத்த பிறகும் பழைய காஸ்கெட் பசைபோலப் பிடித்திருக்கும். பினியன் கழுத்தில் ரப்பர்ச் சுத்தியலால் மேலும் கீழும் தட்டினால் விடும். பாரமான சாமான், கீழே படுத்து மார்புக்கு மேல் இறக்க வேண்டாம், ஜக்கில் பலகை வைத்து வாங்குங்கள்.

வெளியே வந்ததும் கியர் பொக்ஸுக்குச் சொன்ன அதே நகச் சோதனை. கிரவுன் வீலின் மேற்பாதி காற்றில் நின்றிருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். கிரவுன் வீலும் பினியனும் தொழிற்சாலையில் சோடியாகப் பொருத்தியவை. ஒரு டிஃப்பிலிருந்து கிரவுன் வீல், இன்னொன்றிலிருந்து பினியன் என்று கலந்தால் வாழ்நாள் முழுதும் ஊளையிடும். பினியன் நட்டையும் பக்கப் பேரிங் மூடிகளையும் தேவையில்லாமல் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் ஷிம்களின் (மெல்லிய தகட்டு வளையங்கள்) தடிப்பில்தான் பல்லின் உரசல் சரியாக நிற்கிறது. பேரிங் மாற்றியே ஆக வேண்டும் என்றால் டயல் கேஜ் வைத்து அளக்கத் தெரிந்த பாஸ் ஒருவரிடம் கொடுங்கள், எல்லாக் கராஜிலும் அந்தக் கருவி இல்லை.

கழற்றியது மறுபடி கறள் பிடிக்கிறது

மண்ணெண்ணெயில் கழுவிய சாமான் கொழும்பில் ஓரிரவில் காவி பிடிக்கும். கழுவிய அன்றே ஒயில் பூசி, எல்லாத் துவாரத்தையும் அடைத்து, ஒயில் துணியில் சுற்றி, சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகையில் வையுங்கள்.

பூட்டிய பிறகு சத்தம்

ஒயில் சரிதானா என்று முதலில் பாருங்கள். டிஃப்புக்கு ஹைப்பொயிட் இபி 90, ஏறக்குறைய 0.85 லீற்றர். கியர் பொக்ஸுக்கு எஞ்சின் ஒயில், 1.3 லீற்றர். கடையில் "கியர் ஒயில்" என்று கேட்டு இரண்டுக்கும் ஒன்றையே விடுபவர்கள் அதிகம். சில இபி ஒயில் கியர் பொக்ஸின் வெண்கலச் சாமான்களை அரிக்கும், எஞ்சின் ஒயில் டிஃப்பின் பல்லைக் காப்பாற்றாது. ஒயில் சரியாக இருந்தும் அக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் அல்லது விடும்போது மட்டும் ஊளை வந்தால் கிரவுன் வீலும் பினியனும் உட்காரவில்லை. இரண்டிலும் ஒரே மாதிரி வந்தால் பேரிங். நான்காவதில் அமைதி, மற்ற மூன்றிலும் சத்தம் என்றால் கியர் பொக்ஸின் கீழ்த்தண்டு.

முதல் 500 கிலோமீற்றர் ஓடியதும் இரண்டு ஒயிலையும் சூடாக இருக்கும்போதே இறக்கி, வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். மாவு போன்ற சாம்பல் நிறம் வந்தால் புதிய ஒயில் விட்டு ஓடலாம், துணியில் மினுங்கும் துண்டு ஏதும் நின்றால் வண்டியை அன்றே நிறுத்திவிட்டுத் திறக்க வேண்டும்.